பீட்டர் வான்: ஒரு குணச்சித்திர நடிகரைத் தேடிப் பார்த்த குறிப்புகள்

24 நவம்பர் 2024, ஞாயிறு

கேம் ஆஃப் த்ரோன்ஸ் முதல் சீசனை மறுபடி போட்டுப் பார்த்தேன். பனிச்சுவர்க் காவலில் இருக்கும் பார்வையற்ற கிழவர் மெய்ஸ்டர் ஏமன், ஜான் ஸ்னோவிடம் தன் குடும்பம் அழிந்த கதையைச் சொல்கிற காட்சி வந்தது. நிதானமாக, யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி பேசிக்கொண்டே வருகிறார். குழந்தைகளைக்கூட விட்டுவைக்கவில்லை என்கிற இடத்தில் மட்டும் குரல் எகிறுகிறது. அடுத்த வாக்கியத்திலேயே அதை அடக்கிவிடுகிறார். முதல் தடவை பார்த்தபோது கதை எங்கே போகிறது என்பதிலேயே கவனம் இருந்தது. இந்தத் தடவை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏமனாக நடித்தவர் பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் வான். தொடர் தொடங்கியபோது அவருக்கு 88 வயது, அவருக்கே அப்போது பார்வை ரொம்ப மங்கியிருந்தது. 2015இல் ஏமன் இறக்கும் வரை ஐந்து சீசன்களாக வந்துபோனார். இவர் நடித்த மற்றதையெல்லாம் தேடிப் பார்த்து இங்கே எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

27 நவம்பர், புதன்

இன்றைக்கு அவர் வாழ்க்கை பற்றிக் கொஞ்சம். 1923 ஏப்ரல் 4, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷரில் வெம் என்கிற சின்ன ஊரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பீட்டர் ஈவர்ட் ஓம். அப்பா ஆஸ்திரியாவிலிருந்து வந்து குடியேறியவர், வங்கியில் குமாஸ்தா. பள்ளி முடித்த கையோடு உல்வர்ஹாம்ப்டன் ரெபர்டரி நாடக அரங்கில் சேர்ந்துவிட்டார். அப்புறம் போர் வந்தது. சிக்னல்ஸ் என்கிற தகவல் தொடர்புப் படைப்பிரிவில் நார்மண்டி, பெல்ஜியம், பிறகு கிழக்கே சிங்கப்பூர் வரைக்கும் போயிருக்கிறார். ஜப்பான் சரணடைந்து சாங்கி சிறையிலிருந்த கைதிகளை விடுவித்த சமயத்தில் அங்கே இருந்திருக்கிறார்.

ரெபர்டரி என்றால் பல ஊர்களில் வாரம் ஒரு நாடகம். இரவு ஒன்றை மேடையில் நடித்துக்கொண்டே, பகலில் அடுத்த வாரத்து வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். இந்த வாரம் பாதிரியார், அடுத்த வாரம் கொலைகாரன், அதற்கடுத்த வாரம் வீட்டு வேலைக்காரர். அந்தத் தலைமுறை பிரிட்டிஷ் நடிகர்கள் நிறைய பேர் இப்படித்தான் தொழில் கற்றார்கள். வேடத்துக்குள் சட்டென்று நுழைந்து, வேலையை முடித்து, சத்தமில்லாமல் வெளியே வருகிற பழக்கம் அங்கேதான் கிடைத்திருக்க வேண்டும்.

1952இல் நடிகை பில்லி வைட்லாவைத் திருமணம் செய்தார், 1966இல் விவாகரத்து. பிறகு லிலியஸ் வாக்கரைத் திருமணம் செய்தார், அவரும் நடிகைதான். சினிமாவில் போலீஸ்காரர் மாதிரி துண்டு வேடங்களில் தொடங்கி, 1964இல் ஸ்மோக்ஸ்கிரீன் என்ற சின்னப் படத்தில் காப்பீட்டு விசாரணையாளராகக் கதாநாயகன் ஆனார். ஆனால் அந்தப் பக்கம் தொடர்ந்து போகவில்லை. அகன்ற தோள், கனத்த தாடை, இடுங்கிய கண் என்று இருந்ததால் எல்லோரும் வில்லன் வேடத்துக்கே கூப்பிட்டார்கள்.

30 நவம்பர், சனி

இன்றைக்கு முழுக்க பாரிட்ஜ். 1974 முதல் 1977 வரை பிபிசியில் வந்த சிறைச்சாலை நகைச்சுவைத் தொடர், ரானி பார்க்கர்தான் கதாநாயகன், ஃப்ளெட்சர் என்கிற பழம் கைதி. இதில் பீட்டர் வான் செய்தது ஹாரி க்ரவுட் என்ற வேடம். சிறைக்குள் எல்லாருக்கும் க்ரவுட்டி. உள்ளே நடக்கிற சூதாட்டம், கடத்தல் எல்லாம் அவர் கையில்.

தொடரில் அவர் வந்தது மொத்தம் மூன்றே பகுதிகளில், அப்புறம் 1979இல் எடுத்த சினிமாவில். அவ்வளவுதான். ஆனாலும் தொடரைப் பார்த்தவர்கள் அவர் எல்லாப் பகுதியிலும் இருந்தார் என்று அடித்துச் சொல்வார்கள். காரணம் அவர் இல்லாதபோதும் மற்றவர்கள் அவர் பெயரைச் சொல்கிற விதம். சரி, அது எழுத்தாளர்கள் செய்துகொடுத்த வசதி. மிச்சத்தை நடிகர்தானே செய்ய வேண்டும்?

குத்துச்சண்டை பற்றிய பகுதியைப் பாருங்கள். ஃப்ளெட்சரின் அறைத்தோழன் காட்பர் சண்டை போடப் போகிறான், அவன் வேண்டுமென்றே தோற்க வேண்டும், பந்தயப் பணம் அப்படிப் போயிருக்கிறது. இதைச் சொல்லத்தான் க்ரவுட்டி கூப்பிட்டு அனுப்புகிறார். மிரட்டலே இல்லை. குரலை உயர்த்துவதில்லை, வேண்டியவரை விசாரிப்பது போல நலம் விசாரிக்கிறார். வாய் சிரிக்கிறது, கண் மட்டும் சிரிக்காமல் ஃப்ளெட்சர் மேலேயே இருக்கிறது. எந்த வார்டரையும் பேச்சிலேயே மடக்கிவிடுகிற ஃப்ளெட்சர் அவர் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போகிறான். இதில் ரானி பார்க்கருக்கும் பெரிய பங்கு உண்டு. அவர் பயப்படுவதால்தான் நமக்கும் பயம் வருகிறது. ஆனால் எதிரில் இருப்பவர் ஒரு இம்மி கூடுதலாக நடித்திருந்தால் அந்தப் பயம் கலைந்திருக்கும். எதிராளி நடிப்பதற்கு இடம் விடுவது எத்தனை பேருக்கு வரும்!

கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியும் பார்த்தேன். சுரங்கம் தோண்டுகிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்க கைதிகள் சேர்ந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிறார்கள், ஏற்பாடு க்ரவுட்டி.

3 டிசம்பர், செவ்வாய்

எ வார்னிங் டு தி க்யூரியஸ். 1972 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பிபிசி ஒளிபரப்பிய பேய்க்கதை, எம்.ஆர். ஜேம்ஸ் எழுதியது, நார்ஃபோக் கடற்கரையில் எடுத்தது. வேலை போன ஒரு குமாஸ்தா (பீட்டர் வான்), பழங்கால மன்னர் கிரீடம் ஒன்று அங்கே புதைந்திருப்பதாக நம்பித் தோண்ட வருகிறார். எடுத்தும் விடுகிறார், அதற்குப் பிறகு யாரோ பின்னாலேயே வருகிறார்கள். முந்தின வருஷம்தான் ஸ்ட்ரா டாக்ஸ் படத்தில் துப்பாக்கியோடு வீடு புகுகிற முரட்டு ஆளாக வந்தவர், இதில் கோட்டு மாட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, ஹோட்டலில் யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று உட்காருகிறார். அதே பெரிய உடம்பு. மிரட்டுவதற்கென்றே இருப்பதாக எல்லோரும் நினைத்த அந்த உடம்பு பயந்து ஓடுவதைப் பார்க்கும்போது பேயைவிட அதுதான் கலக்குகிறது.

சிட்டிசன் ஸ்மித் என்ற நகைச்சுவைத் தொடர் கொஞ்சம்தான் பார்த்தேன். மகளின் காதலனைக் கண்டாலே எரிந்துவிழுகிற அப்பா வேடம், நன்றாகச் செய்கிறார், ஆனால் வேடம் ஒரே இடத்தில் சுற்றுகிறது. இரண்டு சீசனோடு விலகிவிட்டார்.

6 டிசம்பர், வெள்ளி

2016இல் இதே நாளில்தான் இறந்தார், 93 வயது. பத்திரிகைகளின் தலைப்புகளில் பெரும்பாலும் பாரிட்ஜ், கேம் ஆஃப் த்ரோன்ஸ் இரண்டும்தான்.

இன்றைக்கு ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே பார்த்தேன், 1993. சினிமாதான், இருந்தாலும் இதை விட முடியாது. பெரிய மாளிகையின் தலைமைப் பணியாளர் ஆந்தனி ஹாப்கின்ஸ், அவருக்குக் கீழே வேலைக்கு வருகிற வயதான அப்பா பீட்டர் வான். நிஜத்தில் இவர் ஹாப்கின்ஸை விட 14 வயதுதான் மூத்தவர், ஆனால் அப்பா இல்லை என்று ஒரு நொடிகூடத் தோன்றாது. விருந்தில் பரிமாறும்போது அவர் மூக்கு நுனியில் ஒரு துளி திரண்டு நிற்கிறது, அவருக்கே தெரியவில்லை. பிறகு தட்டோடு தோட்டத்தில் தடுக்கி விழுகிறார். இனி மேஜையில் பரிமாற வேண்டாம் என்று மகன்தான் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

படுத்த படுக்கையானதும் மகனிடம், உன் அம்மாவை ஒரு காலத்தில் நேசித்தேன், பிறகு அது போய்விட்டது என்கிறார். இதுவரை வாய்விட்டுப் பேசியே பழகாத ஒருவர் பேசுவது போலத்தான் சொல்கிறார், ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி. மகன் அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் வேலைக்குப் போகிறான். ஹாப்கின்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியில் பாதி இவருடையது என்பதை ஏன் சேர்த்து எழுதுவதில்லை?

8 டிசம்பர், ஞாயிறு

‘அவர் ஃப்ரெண்ட்ஸ் இன் தி நார்த்’ (Our Friends in the North), பிபிசி 2, 1996, ஒன்பது பகுதிகள். நியூகாசிலில் நான்கு நண்பர்களின் முப்பது வருஷக் கதை. டேனியல் கிரெய்க், கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்த தொடர். எக்கிள்ஸ்டனின் அப்பா ஃபீலிக்ஸாக பீட்டர் வான்.

1936இல் ஜாரோ ஊரிலிருந்து சுமார் 200 பேர் வேலை கேட்டு லண்டன் வரைக்கும் நடந்தே போனார்கள். போய்ச் சேர்ந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபீலிக்ஸ் அந்தக் கூட்டத்தில் நடந்தவர். அந்தக் கசப்பில் அரசியல் என்றாலே ஆகாது. மகனோ அரசியலே கதியென்று இருக்கிறான். தொடக்கத்தில் வீட்டில் இருவரும் முட்டிக்கொள்ளும்போது இவர் மேல் நமக்குக் கோபம்தான் வருகிறது. கடைசிப் பகுதிகளில் ஃபீலிக்ஸுக்கு மறதி நோய். மகனுக்கு இப்போதுதான் அப்பாவிடம் கேட்க ஆயிரம் இருக்கிறது, அவரிடம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. நோயாளி என்று காட்ட எந்தச் சேட்டையும் செய்யவில்லை பீட்டர் வான். க்ரவுட்டியாக ஃப்ளெட்சரைத் துளைத்த அதே பார்வை இங்கே மகன் முகத்தில் வந்து நிற்கிறது, அடையாளம் தெரியாமல். ஒரே கண்களை வைத்துக்கொண்டு இரண்டையும் செய்த ஆளை வில்லன் நடிகர் என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை.

இவரை முதன்முதலில் பார்க்கிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம், பாரிட்ஜ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் அடுத்து பார்க்கப்போவது 1980இல் வந்த ஃபாக்ஸ். தெற்கு லண்டன் குடும்பத்தின் தலைவர் வேடம், தொடர் மொத்தம் 13 பகுதிகள்.