எக்ஸ்ட்ரா பட்டை போட்ட வண்டி

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய பிக்கப் வாங்கினேன். ஒன்பது வருஷ வண்டி, ரெண்டாவது ஓனர், எஃப்.சி. அப்போதுதான் எடுத்திருந்தது. விற்றவர் சமவெளியில் செங்கல் ஓட்டிக்கொண்டிருந்தவர். குனிந்து பின்பக்கம் காட்டி, "சைடுக்கு ரெண்டு ஸ்பிரிங் பட்டை எக்ஸ்ட்ரா போட்டிருக்கேன் தம்பி, எவ்வளவு ஏத்தினாலும் வண்டி உட்காராது" என்றார். இன்னும் ஐயாயிரம் குறைத்துக் கேட்கலாம் என்று போனவன் அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

நமக்குப் போடிக்கும் பூப்பாறைக்கும் ஓட்டம். காய்கறி மேலே போகும், ஏலக்காயும் மிளகும் கீழே வரும். போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது நடை, 22 மூட்டை மிளகோடு இறங்குகிறேன், புலியூத்து தாண்டி ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. ரெண்டு மூன்று தடவை அடித்து அடித்து மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது, அதற்குள் செகண்ட் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கையும் மெல்ல மெல்ல இழுத்து, மலைப்பக்கமாக அணைத்து எப்படியோ நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது. முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை. ஒரு ஜீப்காரர் நிறுத்தி, தண்ணீர் ஊற்றுங்க என்று கேனை நீட்டினார். நல்ல மனசுதான், ஆனால் சூடேறிக் கிடக்கும் பிரேக் டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். வேண்டாம்ணே என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் கல் மாதிரி நிற்கிறது, எதுவுமே நடக்காதது போல.

இந்த அரை மணி நேரம்தான் எல்லாரையும் குழப்பியது. போடி ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும். தெருவில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு முன்னால் பிரேக் பேடு மாற்றினார்கள். அடுத்த லோடில் திரும்ப அதே கதை. அப்ப மாஸ்டர் சிலிண்டர்தான் என்றார்கள், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற பாகம். வாங்கியே இருப்பேன், கையில் காசு இல்லாததால் தப்பித்தேன்.

பூப்பாறையில் ஒரு சேட்டன் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறார். வண்டியைத் தொடக்கூட இல்லை. "சவிட்டிப் பிடி, முப்பது எண்ணு" என்றார். மிதித்துப் பிடித்து எண்ணினேன், பெடல் இருந்த இடத்திலேயே இருந்தது. மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் கிழிந்திருந்தால் காலுக்கடியில் பெடல் தானாக இறங்கிக்கொண்டே போகுமாம். அப்புறம் ஒரு வேலை கொடுத்தார்: பாதி லோடோடு செகண்டிலேயே இறங்கு, கீழே நின்றதும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார், தொட்டுவிடாதே.

முந்தலில் நிறுத்திப் பார்த்தேன். முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளியே கை நிற்கவில்லை, அனல். பின் டிரம் ரெண்டும் ஆறிப்போன டீ கிளாஸ் மாதிரி.

அடுத்த நடையில் போய்ச் சொன்னதும் சேட்டன் சிரித்துக்கொண்டே டார்ச்சோடு அடியில் நுழைந்தார், என்னையும் கூப்பிட்டார். பின் ஆக்ஸிலுக்கு மேலே, சேஸிஸில் ஒரு வால்வு, அதிலிருந்து ஒரு கம்பி ஆக்ஸிலுக்குப் போகிறது. லோடு ஏற ஏற பாடி கீழே அமுங்கும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை விடும். காலி வண்டியில் பின் சக்கரம் லாக் ஆகி வழுக்கிவிடக் கூடாது என்பதற்காக அழுத்தத்தைக் குறைத்துவிடும். என் வண்டியில் அந்த எக்ஸ்ட்ரா பட்டை பாடியை உட்காரவே விடவில்லை. ஒரு டன் மிளகு இருந்தாலும் வால்வு காலி வண்டி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது! எதைப் பார்த்து நான் பேரத்தை விட்டேனோ அதேதான்.

ஆக மொத்த வண்டியையும் முன் பிரேக்கே தாங்கியிருக்கிறது. அதோடு பிரேக் ஆயிலைத் திறந்தால் டிகாக்‌ஷன் நிறம், எத்தனை வருஷமாக மாற்றவில்லையோ. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரைக்குமாவது கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அது 155 வரைக்கும் இறங்கிவிடலாம். பைப்புக்குள் ஆயில் கொதித்தால் ஆவி. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும், பெடல் பஞ்சாகிவிடும். ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடுவதால் ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கும்தான், ரெண்டு நடை பயத்தோடு ஓட்டினேனே தவிர ஆயில் டப்பா மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

பட்டையைக் கழற்றி கம்பெனி கணக்குக்கே கொண்டுவந்து, வால்வு கம்பியை அளவு பார்த்து செட் பண்ணி, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, நாலு சக்கரத்து பிரேக் பைப்பிலும் இருந்த காற்றை வெளியே எடுத்து, கருகிய பேடையும் மாற்றியதில் ஒரு முழு நாள் போனது. செலவு அந்த மாஸ்டர் சிலிண்டர் விலைகூட வரவில்லை. முந்தாநாள் 20 மூட்டையோடு இறங்கி முந்தலில் கையை வைத்துப் பார்த்தேன், பின் டிரம்மும் நன்றாகச் சுட்டது. சூடு பட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருப்பேன்.

விற்றவருக்கு போன் போட்டுச் சொன்னேன். அவருக்குக் கோபம். "பட்டையைக் கழட்டிட்டீங்களா? அப்புறம் லோடு எப்படித் தம்பி ஏத்துவீங்க?" பாவம், உண்மையாகவே கவலைப்பட்டார். கழற்றிய நாலும் மாட்டுக்கொட்டகை ஓரம் கிடந்தன. நல்ல எஃகு என்று அப்பா அதில் ஒன்றைக் கொல்லர் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், அரிவாள் அடிக்க.