நவம்பர் முதல் வாரத்துக்கு எங்கே போவது

மார்ச் 23, ஞாயிறு

மான் வேட்டைக் குலுக்கலில் காத்திருப்புக்குச் சேரும் பாயின்ட் எனக்கு ஐந்து. அண்ணனுக்கும் ஐந்து. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத் தெற்கு மண்டலங்களில் வில் டேக், அதாவது வில்லால் ஒரு மான் எடுக்க அனுமதி, கேட்டால் இந்த வருடம் விழலாம், விழாமலும் போகலாம். வெளிமாநிலத்தாருக்கு மொத்தமே 6,000 டேக். அதில் வில்லுக்கு 35 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. கணக்குப் பார்த்தால் 2,100. அந்த 2,100க்கும் 4, 5, 6 மண்டலங்களில்தான் நெரிசல். வடக்கே கேட்டால் இரண்டு மூன்று பாயின்ட்டிலேயே கிடைத்துவிடும், ஆனால் அங்கே காடு குறைவு, சோளம் அறுத்ததும் மான் ஒதுங்க இடமில்லை.

இப்போது செலவழித்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து.

மார்ச் 25

அண்ணன், சரியில்லாத தோளோடு, இழுத்தது 18 பவுண்ட். ரப்பர் பட்டையில்தான், வில்லில் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

எந்த மாநிலத்தில் பெரிய மான் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே துப்பாக்கி சீசன் எந்த வாரம் திறக்கிறது என்று கேட்க வேண்டும்.

வெள்ளைவால் மானுக்குக் கொம்பு முழுசாக வர ஐந்தரை வயதாவது ஆக வேண்டும். ஒன்றரை, இரண்டரை வயது ஆண்மான் நவம்பர் நடுவில் பிணைமானின் பின்னால் தலைதெறிக்க ஓடும். பட்டப்பகல், அறுத்த வயல், நடுவே மனிதன், எதுவும் கண்ணில் படாது. அந்த வாரம் பார்த்து ஊரே ரைஃபிளோடு காட்டில் இருந்தால் அது மூன்றரை வயதைப் பார்க்காது. மிசௌரியும் கென்டக்கியும் நவம்பர் நடுவில்தான் திறக்கின்றன. வடக்கு மிசௌரிக்கும் தெற்கு ஐயோவாவுக்கும் மண்ணில் வித்தியாசமே கிடையாது. அதே ஓடை, அதே ஓக் மரம், அதே சோயா. நடுவில் வரைபடத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு வடக்கே ஷாட்கன் டிசம்பர் முதல் சனிக்கிழமைதான். ரட், அதாவது இணைசேரும் பருவம், முடிந்து, ஆண்மான் மறுபடி ராத்திரி நடமாட்டத்துக்குப் போன பிறகு.

கான்சஸில் தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் நான்காம் வியாழன்) கழிந்த புதன், 12 நாள். ஓஹையோவில் தேங்க்ஸ்கிவிங் கழிந்த திங்கள். இல்லினாயில் முதல் மூன்று நாள் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய வார இறுதி, ரட்டின் வால் பகுதி. விஸ்கான்சின் ஒன்பது நாள், அதுவும் அதே வாரம்தான். இந்த வரிசையை வைத்துக்கொண்டு கொம்பு வரிசையைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி மண்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாதனைப் பட்டியலை வைத்து இடம் பிடிப்பது ஏமாற்று வேலை. டிபிகல் வகையில், அதாவது இருபக்கமும் ஒத்த கொம்பில், உலக சாதனை மொத்த அளவு 213 5/8 அங்குலம், கனடாவின் சாஸ்கட்சுவானில் பிகர் என்ற ஊர்ப்பக்கம் 1993 நவம்பரில் மைலோ ஹான்சன் சுட்டது. அதைப் படித்துவிட்டு இன்றைக்கும் ஆட்கள் சாஸ்கட்சுவான் வடக்குக் காட்டில் போய் உட்கார்கிறார்கள். ஹான்சன் மான் பண்ணை நிலத்து மான். வடக்குக் காடு வேறு உலகம். அங்கே வெளிநாட்டுக்காரர் அவுட்ஃபிட்டர் (வேட்டை ஏற்பாட்டாளர்) இல்லாமல் வேட்டையாட முடியாது, தீவனம் போட்டு அதன் எதிரே ஒரு பெட்டி பிளைண்டில் (மறைவிடத்தில்) விடிந்தது முதல் இருட்டும் வரை உட்கார வேண்டும், மைனஸ் 20இல். மான் பருமன் பெரியது, எண்ணிக்கை குறைவு. ஆறு நாளில் ஒரே ஒரு நல்ல ஆண்மான் தெரிந்தாலும் தெரியும். அதற்கு வேண்டியது பொறுமை, அது அண்ணனிடம் இருக்கிறது. குளிரில் தோள் இறுகுமே, அதற்கு என்ன செய்வது?

1914இல் விஸ்கான்சின் டான்பரியில் ஜேம்ஸ் ஜோர்டன் சுட்டது 206 1/8. வில்லில் 1965இல் இல்லினாய் பியோரியா வட்டத்தில் மெல் ஜான்சன் எடுத்தது 204 4/8. ஒவ்வொன்றும் ஒரே ஒரு மான். நான் போகிற வாரம், நான் உட்காருகிற 200 ஏக்கரில் ஐந்து வயது மான் எத்தனை நடக்கிறது என்பதற்கு இந்த எண்கள் பதில் சொல்லாது.

ஏப்ரல் 12, சனி

வேட்டைக்கு நிலம் விடும் நான்கு பேரிடம் பேசியாயிற்று. ஒரே கேள்விகள்தான்.

எத்தனை ஏக்கர், அதில் சீசன் முழுக்க எத்தனை பேர் உட்காருகிறார்கள். 5,000 ஏக்கர் என்பார்கள், 60 பேரை ஏற்றுவார்கள். அக்டோபர் முழுக்க ஆள் ஏறி இறங்கிய மரத்தில் நவம்பர் 5ஆம் தேதி நம்மை ஏற்றினால் என்ன வரும்? எனக்கு முன்னால் அந்த ஸ்டாண்டில் யார், எத்தனை நாள் ஓய்வு என்று கேட்டேன். ஒருவர் மட்டும் நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்தது சதவிகிதம். "வாய்ப்பு 90 சதவிகிதம்" என்பது வேறு, மான் எடுத்தது வேறு. வாய்ப்பு என்றால் 60 கஜத்தில் ஒரு மான் தெரிந்ததும் அதில் சேரும். கடந்த மூன்று வருடத்தில் வந்தவர்கள் எத்தனை, எடுத்தவர்கள் எத்தனை. வெறுங்கையோடு போன இருவரின் போன் எண் கேட்டேன், மூன்று பேர் தரவில்லை.

குறைந்தபட்ச அளவு. கொம்பு 140 அங்குலத்துக்குக் கீழே எடுத்தால் அபராதம் என்கிறார்கள் சிலர். அளவுக்கு அபராதம் போட்டால் நல்ல கொம்புள்ள மூன்றரை வயது மான் சாகும், 130இலேயே நின்றுவிட்ட ஏழு வயதுக் கிழட்டு மான் பிழைக்கும். வயதுக்கு விதி வைப்பவர்தான் நிலத்தைப் புரிந்தவர். அதனால்தான் எல்லோரிடமும் கேட்டேன்: போன வருடத்து மான்களின் கீழ்த்தாடைப் படம் இருக்கிறதா?

ஒருவர் அனுப்பினார். ஐந்து தாடை, ஒரு பலகையில் வரிசையாக. முதல் கடைவாய்ப்பல்லில் வெள்ளை எனாமல் விளிம்பைவிட நடுவிலுள்ள பழுப்பு டென்டின் அகலமாக இருந்தால் மூன்றரைக்கு வந்துவிட்டது. இரண்டாம் கடைவாயிலும் அப்படியென்றால் நாலரை. மூன்றாவதிலும் பழுப்பு பரந்திருந்தால் ஐந்தரை. ஐந்தில் இரண்டு தாடை மூன்றாவது பல் வரை தேய்ந்திருந்தன. ஒன்று கிட்டத்தட்ட வழவழப்பு, புளியங்கொட்டை மாதிரி.

பண்ணைக்காரர் அவர். அவுட்ஃபிட்டர்கூட இல்லை, வருடத்துக்கு நாலு பேருக்கு மட்டும் இடம் விடுகிறார். மண்டலம் 5.

ஏப்ரல் 13

அடிபட்டு, கிடைக்காத மான் கணக்கில் வருமா என்று அவரிடம் கேட்க மறந்துவிட்டேன். ரத்தம் கண்டால் டேக் முடிந்தது என்பதுதான் நியாயமான விதி.

ஏப்ரல் 24, வியாழன்

கான்சஸ் விண்ணப்பம் நாளை முடிகிறது. வெள்ளிக்கிழமை தாண்டினால் அடுத்த வருடம்தான்.

கான்சஸை இளக்காரமாக விட முடியாது. மேற்கே ஆற்றோரக் காடு ஒரு நாடா போலத்தான் போகும், மான் அதைவிட்டு வேறு எங்கே போகும்? வாக்-இன் திட்டத்தில் தனியார் நிலத்திலேயே இலவசமாக நுழையலாம். குறுக்குவில், இழுத்துப் பிடிக்கத் தோள் வேண்டாத வில், வில் சீசனிலேயே செல்லும். அதுதான் இரண்டு நாளாக மண்டைக்குள் சுற்றுகிறது. தனியார் நிலத்தில் சோளம் கொட்டலாம் என்பது மட்டும் பிடிக்கவில்லை. கேமராப் படத்தில் 160 அங்குல மான் சோளக்குவியலில் நிற்கும், படத்தின் ஓரத்தில் நேரம் பாருங்கள், ராத்திரி 2:14.

இருவருக்கும் பாயின்ட் மட்டும் வாங்கினேன். டேக் கேட்கவில்லை.

மே 3, சனி

ஐயோவா விண்ணப்பம் திறந்தாயிற்று. ஜூன் முதல் ஞாயிறு வரை நேரம் இருக்கிறது. இன்று போடவில்லை.

27.

மே 10, சனி

160 அங்குலக் கொம்பு என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். எழுதிப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிது என்று தெரியும்.

நடுத்தண்டு ஒவ்வொன்றும் 24, இரண்டும் 48. உள்அகலம் 18. புருவக் கிளை 5, அடுத்தது 10, அதற்கடுத்தது 9, கடைசி 5, ஒரு பக்கம் 29, இரு பக்கமும் 58. சுற்றளவு பக்கத்துக்கு நான்கு இடம், மொத்தம் 18, இரண்டும் 36. கூட்டினால் 160. இதற்கு மேல் இடது வலது வித்தியாசத்தையெல்லாம் கழிப்பார்கள். இரண்டாம் கிளை இடப்பக்கம் 10 4/8, வலப்பக்கம் 9 7/8 என்றால் 5/8 போய்விட்டது. கால் அங்குல அகல இரும்பு டேப், எட்டில் ஒரு பங்கு வரை, அதுவும் 60 நாள் காய்ந்த பிறகு. சாதனை பதியும் பூன் அண்ட் க்ராக்கெட் சங்கத்தின் நிரந்தரப் பட்டியலுக்கு டிபிகலில் 170 வேண்டும். வில்லுக்கான போப் அண்ட் யங் 125இலேயே ஏற்கும், 125 என்றாலே பெரும்பாலான காடுகளில் அரிது.

மரத்தின் மேல் இருந்து இதையெல்லாம் கூட்ட முடியாது. விறைத்து நிற்கும் மானின் இரு காது நுனிக்கும் இடைவெளி ஏறத்தாழ 16 அங்குலம். கொம்பு காதுக்கு வெளியே ஒரு விரல் வந்தால் 18. அதைப் பார்த்ததும் உடம்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு ஒட்டியிருந்தால் மூன்றரை, பந்தயக் குதிரை மாதிரி. வயிற்றுக்கோடு தொய்ந்து, கழுத்தும் மார்பும் ஒன்றாகிவிட்டால், கால் குட்டையாகத் தெரிந்தால், வில்லை எடு.

மே 18

வில்லில் 31. மூன்று தடவை இழுத்தார். நாலாவது வேண்டாம் என்று பிசியோ சொல்லியிருக்கிறார்.

மே 25, ஞாயிறு

ஐயோவாவில் வில் சீசனில் குறுக்குவில் கிடையாது. உடற்குறைக்கு டாக்டர் சான்றோடு தனி அனுமதி உண்டு. ஆறு மாதத்தில் குணமாகிற தோளுக்கு அதைக் கேட்பது சரியில்லை, அண்ணனும் கேட்க மாட்டார். டிசம்பர் கடைசியில் மசில்லோடர் சீசன் உண்டு, குழல் வாய் வழியாக மருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு. ஆனால் அது பனி, தீவன வயல், மாலை ஒரு மணி நேரம் மட்டும். அதுவும் நல்ல வேட்டைதான், ரட் இல்லை என்பதைத் தவிர.

மாற்று: ஓஹையோ. டேக் கடையில் கிடைக்கும், குறுக்குவில்லுக்குத் தடையில்லை, தென்கிழக்கு மலைப்பகுதியில் வயதான மான் உண்டு. அல்லது இல்லினாய், மேற்கே பைக் வட்டத்துப் பக்கம், வெளிமாநில வில் பெர்மிட் ஜூன் தொடக்கத்தில் முந்தியவர்க்கு. இல்லினாயில் குத்தகை ஏறிப்போய் 80 ஏக்கருக்கு நாலு பேர் என்று பிரித்துவிட்டார்கள். பக்கத்து வேலிக்காரன் மூன்றரை வயது மானைச் சுட்டால் நாம் விட்டுக்கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை.

"நீ போடு. தோள் என் கவலை," என்கிறார் அண்ணன். "அண்ணே, 40 வரணும்," என்றேன்.

மே 31, சனி

இரவு 11. போட்டாயிற்று. மண்டலம் 5, வில், இருவரும். லைசென்ஸ், டேக், கட்டாயமாகச் சேரும் பிணை டேக் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 600 டாலரைத் தாண்டியது.

ஜூன் 8

33.

ஜூன் 14

மறுபடி நோட்டை எடுத்தேன். போன ஐந்து வருடத்து குலுக்கல் எண்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் பலனில்லை. ஆனாலும் பார்த்தேன்.

ஜூன் 26, வியாழன்

விழுந்தது. இரண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

அக்டோபர் 31 முதல் நவம்பர் 9 வரை. நிலவு பார்த்துத் தேதி வைக்கச் சொல்கிறார்கள். பிணை பருவத்துக்கு வருவது பகல் நீளம் குறைவதை வைத்துத்தான், வருடா வருடம் அதே வாரம். நவம்பர் 13க்கு மேல் பெரிய மான் ஒரு பிணையோடு புதருக்குள் முடங்கிவிடும், கூப்பிட்டாலும் வராது. அதற்கு முந்தைய பத்து நாள்தான் அது தேடி அலையும்.

பண்ணையில் ஓடைகள் விரல் போலப் பிரிந்து மேலேறுகின்றன. காலையில் வெயில் பட்டதும் காற்று சரிவில் மேலே போகும், மாலையில் கீழே வடியும். எனவே காலை ஸ்டாண்ட் மேட்டில், மாலை ஸ்டாண்ட் மான் வரும் பாதைக்குக் கீழே. உள்ளே போவது ஓடைத் தண்ணீரிலேயே நடந்து. வாடைக்காற்று இல்லாத நாளில் வடக்கு ஸ்டாண்டைத் தொடவே கூடாது, ஒரு தடவை மணம் பட்டால் அந்த மான் அந்த வாரம் பகலில் வராது.

ஜூலை 13

38. ஆறு அம்பு.

ஜூலை 19, சனி

38 பவுண்டுக்கு மெக்கானிக்கல் முனை வேண்டாம், விரியும்போதே பாதி விசை போய்விடும். இரண்டு அலகுள்ள நிலை முனை, சவரம் செய்கிற கூர். அம்பு 420 கிரெயின். 20 கஜத்துக்குள், பக்கவாட்டில் அல்லது சற்று விலகி நிற்கும் மான் மட்டும். தோள் எலும்பில் பட்டால் உள்ளே போகாது. நேர் எதிரே நிற்பதைத் தொடவே கூடாது.

அண்ணனுக்கு மரம் வேண்டாம், தரை பிளைண்ட். வில் தூக்க இடம் இருக்கும், இழுப்பது மானுக்குத் தெரியாது. இரண்டு வாரம் முன்னாலேயே வைத்து, அங்கேயே வெட்டிய புல்லும் கிளையும் செருகி மறைக்க வேண்டும். உள்ளே கறுப்புச் சட்டை, பின் ஜன்னல் மூடி. இல்லையென்றால் நிழல் உருவம் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

41.

திரும்பும் வழி மாநிலங்களின் விதியை எழுதி வைத்தேன். சிடபிள்யூடி என்ற மான்களின் மூளை நோய் காரணமாக முழு உடலைக் கொண்டுவர முடியாது. எலும்பு நீக்கிய இறைச்சி, மூளைத் திசு துளியும் இல்லாமல் கழுவிய மண்டைத் தகடோடு கொம்பு, தோல். பரிசோதனைக்குத் தொண்டைக்குப் பின்னாலுள்ள நிணநீர்க் கணுக்களைக் கொடுத்துவிட வேண்டும், முடிவு வரும்வரை இறைச்சி தனிப் பையில் உறையட்டும். தலையை மாட்டுவதானால் தோலை முன்தோளுக்குப் பின்னால் வெட்ட வேண்டும். கழுத்தோடு வெட்டி எடுத்து வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகஸ்ட் 23, சனி

மழை இல்லையாம். ஓடை அங்கங்கே குட்டையாகிவிட்டது, சேறு வெடித்துக் கிடக்கிறது என்கிறார் பண்ணைக்காரர். கொசுவிலும் சின்ன அந்தக் கடிபூச்சிக்கு அந்தச் சேறுதான் வேண்டும். அது பரப்பும் ஈஹெச்டி நோய் வந்தால் மானுக்குக் காய்ச்சலில் உடம்பு எரியும், தண்ணீருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் கடும் உறைபனி விழுந்தால்தான் பூச்சி சாகும், அதற்கு இன்னும் ஆறேழு வாரம். 2012 வறட்சியில் இப்படித்தான். ஐந்து வயது மான் செத்தால் அதன் இடத்துக்கு இன்னொன்று வர ஐந்து வருடம்.

பாயின்ட் போல.

ஆகஸ்ட் 27

44. அண்ணன் கேட்காமலேயே சொன்னார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பண்ணைக்காரர் போன். கீழ்க்குளத்தில் செத்த மான் இரண்டு. ஒன்று பிணை. இன்னொன்றின் வாயைத் திறந்து பல்லைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.