கல் அரிக்கும் இரண்டு பாத்திரங்கள்

ஆய்வகத்தில் நான் செய்யும் வேலைக்கு 'பேனிங்' என்று பெயர். ஆற்று மணலைத் தட்டில் அள்ளி நீரில் அலசி, பொன் துகளைப் பிரித்தவர்களிடமிருந்து வந்த சொல். தமிழில் அதை அரித்தல் என்போம். இரண்டு பாத்திரங்களை வைத்துக்கொண்டு அம்மா அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தரமணியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், குழாயைச் சாய்த்து மேல்நீரை வடித்தபோது கை தானாகவே அந்த அசைவுக்குப் போனது. ஒரு வேறுபாடு உண்டு. அம்மாவுக்கு மிதந்து போவது வேண்டும், அடியில் தங்குவது வேண்டாம். எங்களுக்கு ஒட்டித் தங்குவதுதான் வேண்டும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

நாங்கள் அரிப்பது ஃபேஜ் என்னும் நுண்ணுயிரியை. பாக்டீரியாவை மட்டுமே தொற்றும் வைரஸ் இது. மனிதரை ஒன்றும் செய்யாது. எம்13 என்ற வகை மெல்லிய நூல் போல இருக்கும். இத்தகைய நூல் ஃபேஜின் நுனிப் புரதத்தோடு ஒரு அந்நியப் புரதத் துண்டை ஒட்டி வெளியே காட்ட முடியும் என்று 1985இல் ஜார்ஜ் ஸ்மித் காட்டினார். 1990இல் கிரிகோரி வின்டரின் குழு அந்த நுனியில், நோய்க்கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதமான எதிர்ப்பொருளின் பிடிக்கும் பகுதியையே வைத்தது. 2018இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பாதி இந்த இருவருக்கும் போனது. இதன் அழகு என்னவென்றால், பிடிக்கும் கையும் அந்தக் கையைச் செய்யும் மரபணுவும் ஒரே நூலில் இருக்கின்றன. எது பிடித்ததோ அதைப் பாக்டீரியாவுக்குள் விட்டுப் பெருக்கினால், அந்தக் கை கோடிக்கணக்கில் திரும்பக் கிடைக்கும்.

புற்றுச் செல்லைப் பிடிக்கும் கையைத் தேடுவது எங்கள் வேலை. அதற்கான எங்கள் தொகுப்பில் ஆயிரம் கோடி வகைக் கைகள் உண்டு. அத்தனையும் ஒரு மில்லிலிட்டர் நீரில் அடங்கிவிடும். கண்ணுக்கு வெறும் தண்ணீர்தான். பாலிஎத்திலீன் கிளைக்காலும் உப்பும் சேர்த்துப் பனிக்கட்டியில் வைத்தால் மெல்லக் கலங்கும். சுழற்றி எடுத்தால் குழாயின் சுவரில் சுண்ணாம்பால் இழுத்த கோடு போல ஒரு வெள்ளைத் தடம் தெரியும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது எனக்குக் கை ஒரு கணம் நின்றுவிடும்.

கைகளைப் பொறுக்கும் முதல் பெரிய தேர்வில், மார்பகப் புற்றுச் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதத்தை பிளாஸ்டிக் தட்டில் படியவைத்து, நான்கு சுற்று அரித்தேன். ஃபேஜ் பிடித்த குழியை நிறம் மாற்றிக் காட்டும் எலைசா சோதனையில் 96 குழிகளில் பெரும்பாலானவை நீலமாகி, அமிலம் விட்டதும் பளிச்சென்று மஞ்சளாயின. ஓடிப்போய் அக்காவிடம் காட்டினேன். எங்கள் குழுவில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றே அழைப்போம். அவர் தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பால் மட்டும் ஊற்றின தட்டு எங்கேம்மா?"

தட்டின் வெற்றிடங்களை மூடப் பால்பவுடர் கரைசல் ஊற்றுவது வழக்கம். புரதமே இல்லாமல், பால் மட்டும் ஊற்றிய தட்டிலும் அதே சோதனையைச் செய்தேன். அதுவும் மஞ்சளானது. நான்கு சுற்றும் நான் பொறுக்கி எடுத்தவை பாலையும் பிளாஸ்டிக்கையும் பிடிக்கும் கைகள். "தேர்வு பொய் சொல்லாது. நாம் கேட்டதைத் தரும். நீ பிளாஸ்டிக்கைக் கேட்டிருக்கிறாய்" என்றார் அக்கா.

அதன்பின் உயிருள்ள செல்களுக்கே மாறினோம். செல்லின் மேல் புரதங்கள் இயல்பான மடிப்போடு இருக்கும் என்பது காரணம். அங்கேயும் ஒரு மாதம் வீணானது. குடுவையின் அடியில் ஒட்டி வளரும் செல்களைப் பிரிக்க வழக்கம் போல டிரிப்சினை ஊற்றினேன். டிரிப்சின் புரதத்தை வெட்டும் நொதி. செல்லைப் பிரித்த கையோடு, நான் தேடிய மேற்புரதத்தையும் மழித்துவிட்டது. இப்போது புரதத்தை வெட்டாமல் ஒட்டலை மட்டும் தளர்த்தும் ஈடிடிஏ கரைசலில் வைத்துக் காத்திருந்து, மெல்லத் தட்டிப் பிரிக்கிறோம். நேரம் அதிகம் ஆகும். செல் முழுதாக வரும். இறந்த செல்களையும் கழிக்க வேண்டும். கிழிந்த பை போல அவை எதையும் ஒட்டிக்கொள்ளும்.

வெப்பமும் ஒரு கணக்கு. 'அறை வெப்பநிலை' என்று செய்முறைக் குறிப்பில் இருக்கும். எழுதியவர் நினைத்தது 20, 25 டிகிரி. மே மாதத்தில் எங்கள் குளிர்சாதனம் பழுதான நாளில் அறை 33 டிகிரியில் இருந்தது. தளர்ந்த பிடியெல்லாம் வெப்பத்தில் விரைவாக விடும். அன்றைய கழுவலை முந்தைய நாளோடு ஒப்பிடவே முடியவில்லை. இப்போது உயிர்ச்செல் தேர்வு எல்லாவற்றையும் பனிக்கட்டியின் மேல், 4 டிகிரியில் செய்கிறோம். 37 டிகிரியில் விட்டால் சில கைகளைச் செல் உள்ளே விழுங்கிவிடும். எதிர்ப்பொருளோடு நஞ்சைக் கட்டி அனுப்பும் மருந்துக்கு அந்த விழுங்கல்தான் தேவை. அப்போது வேண்டுமென்றே சூட்டில் வைத்து, வெளியே ஒட்டியதை அமிலத்தால் கழுவி, செல்லை உடைத்து உள்ளே போனதை மட்டும் எடுக்கிறோம்.

இந்த வேலையைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றியது ஆய்வகம் அல்ல, என் சித்தி. மார்பகப் புற்றுக்காக ஓராண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிராஸ்டுசுமாப் ஏற்றிக்கொண்டார். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எதிர்ப்பொருள் மருந்து அது; புற்றுச் செல்லின் மேல் மிகுந்திருக்கும் ஹெர்-2 புரதத்தைப் பிடிக்கும். துணைக்குப் போயிருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கச் சொன்னார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது சித்தி கேட்டார்: "கட்டி மார்பில்தானே இருந்தது? இவர்கள் ஏன் என் இதயத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்?"

இதயத் தசையிலும் ஹெர்-2 கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னேன். மருந்து அங்கேயும் போய்ப் பிடிக்கக்கூடும், சிலருக்கு இதயம் தளரக்கூடும், அதனால்தான் பார்க்கிறார்கள் என்றேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதற்கு ஆள் அடையாளம் தெரியாதா?" என்றார். அந்த மருந்துதான் அவரைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பறக்கும் ரயிலில் ஏறித் தரமணிவரை வந்தது.

அம்மாவின் இரண்டு பாத்திரங்கள் எனக்குப் புரிந்தது அதற்குப் பிறகுதான். ஃபேஜ் தொகுப்பை நேரே புற்றுச் செல்லிடம் கொண்டுபோவதில்லை. முதலில் நலமான மார்பகச் செல்கள், பிறகு இரத்த வெள்ளணுக்கள். அவற்றோடு கலந்து, சுழற்றி, மிதப்பதை மட்டும் எடுக்கிறோம், ஒட்டியது குப்பைக்கு. இது அம்மாவின் முறையேதான். அதன்பின்தான் புற்றுச் செல். அங்கே ஒட்டியது நமக்கு. முன்பெல்லாம் முதல் பாத்திரத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு இரண்டாவதற்கு அவசரப்படுவேன். இப்போது முதல் பாத்திரத்திலேயே பாதி நாள் போகிறது. இளையவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சுற்றுகளையும் குறைத்துவிட்டேன். அதிகச் சுற்று அரித்தால் நல்ல கை மிஞ்சும் என்று தோன்றும். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் பாக்டீரியாவில் பெருக்குகிறோம் அல்லவா, அங்கே வேகமாக வளர்வது மற்றதை அமுக்கிவிடும். இரண்டாம் சுற்றில் பி-7 என்ற குழியில் கிடைத்த ஒன்று நான்காம் சுற்றில் தேடியும் இல்லை. பிடியில் தோற்கவில்லை, மெதுவாக வளர்ந்தது, அவ்வளவுதான். உறைகலத்தில் இரண்டாம் சுற்றின் மிச்சம் இருந்ததால் மீட்டோம்.

மீட்ட பி-7ஐ ஓட்டக் கருவியில் பார்த்தோம். செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று ஒளியால் அளக்கும் கருவி அது. எஸ்.கே.பி.ஆர்-3 என்ற மார்பகப் புற்றுச் செல்லில் வரைபடத்தின் மேடு முழுதாக வலப்பக்கம் நகர்ந்தது, அதாவது நன்றாகப் பிடித்தது. நலமான மார்பகச் செல்லில் அசையவே இல்லை. குழு முழுவதும் அறையில் கூடிவிட்டது. பிறகு நலமான திசுக்களின் மெல்லிய வெட்டுகளில் அதை விட்டு, பிடித்த இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்றினேன். கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் சுத்தம். இதய வெட்டில் தசை நார்களின் ஓரம், டீ சிந்திக் காய்ந்த தடம் போல வெளிர் பழுப்பு. லென்ஸை மாற்றிப் பார்த்தேன். மறுநாள் புது வெட்டில் திரும்பச் செய்தேன். அதே பழுப்பு.

நோட்டில் எழுதி, அக்காவிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "முதல் பாத்திரத்தில் இதயம் இல்லையே" என்றார்.

இந்த வாரம் தொகுப்பை உறைகலத்திலிருந்து மறுபடியும் எடுத்திருக்கிறேன். கழிக்கும் பாத்திரத்தில் இதயத் தசைச் செல்களும் சேர்ந்திருக்கின்றன. அவை அரிதானவை, கிடைக்க இரண்டு மாதம் காத்திருந்தோம். பனிக்கட்டிப் பெட்டியில் குழாய்கள் இருக்கின்றன, மிதப்பதை எடுக்க இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.