பொன்னுக்கு வீங்கியில் தொடங்கியது

17 வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அம்மா கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டாள். கன்னம் வற்றும் நேரத்தில் விரை வீங்கியது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.

40 வயதில் உடம்பு விட்டுப்போனது. மதியத்துக்கு மேல் கடையில் உட்கார முடியவில்லை, மனைவியிடமும் நாட்டமில்லை. சர்க்கரையாக இருக்கும் என்று ஒரு வருஷத்தை வீணாக்கினேன்.

கடைசியில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பார்க்கச் சொன்னார்கள். அதைக் காலையில், வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து விடிகாலை பஸ் ஏறி, 8 மணிக்குப் பாளையங்கோட்டையில் ரத்தம் கொடுத்தேன். 180 வந்தது, 300-க்கு மேல் இருக்க வேண்டுமாம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். 195. மூளையிலிருந்து விரைக்கு உத்தரவு போடும் எல்.எச். என்ற ஹார்மோன் மட்டும் மிக அதிகம். அதாவது உத்தரவு வருகிறது, ஆனால் அன்று வீங்கிய விரையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லெய்டிக் செல்கள் பழுதாகிவிட்டன.

அப்போதுதான் மச்சான் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) எடுத்து விரையில் ஏற்றினால் ஹார்மோன் தானாகச் சுரக்குமாம். நாலு லட்சம். "நகையை வச்சிருவோம்" என்றாள் மனைவி. நானும் சரி என்றுதான் இருந்தேன்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். கோபப்படாமல் சொன்னார்: "எலியில பலன் தெரிஞ்சிருக்கு தம்பி. மனுஷச் செல்லுலயிருந்து லெய்டிக் மாதிரி செல்லை ஆய்வகத்துல உருவாக்கியும் இருக்காங்க. ஆனா இன்னும் சிகிச்சையாகல. ஐ.சி.எம்.ஆர்.னு சொல்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட 2017 நெறிமுறைப்படி, ரத்த நோய்க்கு ஸ்டெம் செல்லை மாத்தி வைக்கிற சிகிச்சை தவிர மத்த ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் அனுமதி வாங்கின ஆய்வுக்குள்ளதான் செய்யணும். ஆய்வுன்னா உங்ககிட்ட காசு கேக்கக் கூடாது."

அந்தக் கடைசி வரி போதும். நகை வீட்டிலேயே இருக்கிறது.

அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் குழந்தை வேணுமா?" வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள், போதும் என்றோம். குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் இதைக் கேட்காமல் ஊசிக்குக் கையை நீட்டவே கூடாது.

இடுப்பில் எண்ணெயில் கலந்த டெஸ்டோஸ்டிரோன் ஊசி, இரண்டு நிமிஷம் மெதுவாக ஏற்றுகிறார்கள். முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று ஹெமட்டோகிரிட் பார்க்கிறார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகுதான் சாயங்காலம் வரை கடையில் உட்கார முடிந்தது. நாலாவது வருகிற மாதம்.