பின்சக்கரத்துக்கு எவ்வளவு?

ஆகஸ்ட் 27
பத்து மணிக்குத்தான் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினேன். அப்பா அதே நிலைதான். கொட்டகையில் டார்ச் அடித்துப் பார்த்தால் அவருடைய டிராக்டரின் வலது பின்சக்கரம் உட்கார்ந்தாற்போல் இருக்கிறது. இருட்டில் எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்னவோ.

ஆகஸ்ட் 28
பஞ்சர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். "எவ்ளோ வைக்கட்டும் தம்பி?" என்றார். முழித்தேன். ஜீப்புக்கு வைப்பதுபோல இரண்டு பக்கமும் 32 பவுண்டு (psi) காற்று ஏற்றிவிட்டார். வரும் வழியெல்லாம் வண்டி துள்ளியது, இடுப்பே விட்டுப்போச்சு.

ஆகஸ்ட் 29
மேலத்தெரு மாமா டயரைக் காலால் எத்திப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி வச்சிருக்கியேடா, உங்கப்பா இப்படியா வைப்பாரு?" என்றார். அப்பா எப்படி வைப்பார் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. புழுதியில் பத்தடி ஓட்டிவிட்டு இறங்கித் தடத்தைப் பார்த்தோம். டயரில் புடைத்திருக்கும் பட்டனின் அச்சு நடுவில் மட்டும் ஆழமாக விழுந்திருக்கிறது, ஓரத்தில் லேசாகக் கீறினதோடு சரி. அதாவது டயர் நடுப்பகுதியில்தான் நிற்கிறது, ஓரப் பட்டன் மண்ணைப் பிடிக்கவே இல்லை. இதோடு உழுதால் சக்கரம் வழுக்கும், டீசல் போகும், அடிமண் இறுகும். இது 1996ஆம் வருஷத்து மாஸி 1035. அதோடு வந்த புத்தகத்தைக் கரையான் எப்போதோ முடித்துவிட்டது. டயர் பக்கவாட்டில் 12.4-28 என்று மட்டும் படிக்க முடிகிறது. விசாரித்த வரையில் வயலுக்கு 12இல் இருந்து 14, டிரைலர் மாட்டி ரோட்டில் போனால் 18, 20, முன்சக்கரத்துக்கு 28 சுமார்.

சரி. ஆனால் ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. அப்பா வைத்திருந்த அளவு எங்கேயும் எழுதி இல்லை, அந்தச் சக்கரத்துக்குள்தான் இருந்தது. நேற்று காற்றடிக்கும் முன் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்த்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

ஆகஸ்ட் 30
காற்றைக் குறைக்கலாம் என்று வால்வு பின்னை அழுத்தினால் முகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. துரு வாடை. பிடிமானத்துக்காக அப்பா டியூபில் முக்கால்வாசி தண்ணீர் ஏற்றி வைத்திருக்கிறார், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வால்வு கீழே இருந்தால் தண்ணீர்தான் வரும். வண்டியை அரைச்சுற்று நகர்த்தி வால்வை உச்சிக்குக் கொண்டுவந்த பிறகுதான் காற்று வந்தது. பைக் கேஜில் தண்ணீர் புகுந்து முள் 20இல் நின்றுவிட்டது. இன்னொன்று வாங்கவேண்டும்.

ஆகஸ்ட் 31
அம்மா மட்டும் போனாள்.

செப்டம்பர் 1
காலையில் இரண்டு பக்கமும் 12 வைத்தேன். மதியம் பார்த்தால் வலது 14, இடது 12. புதுக் கேஜும் பொய் சொல்கிறது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே டயரைத் தொட்டால் சுடுகிறது. வலது பக்கம் மட்டும் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றிருக்கிறது. இனி காலை ஆறு மணிக்கு மட்டும்தான் பார்ப்பது.

அம்மா போனில், "பிரஷர் குறைஞ்சிருக்காம்" என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அசிங்கமாகப் போய்விட்டது.

செப்டம்பர் 2
சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்று ஓட்டி, முதலிலும் முடிவிலும் குச்சி நட்டேன். அப்புறம் பக்கத்திலேயே கலப்பையை இறக்கி அதே தூரம். பதினொன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ கூடுதலாகச் சுற்றினால் சரியான வழுக்கல்தானாம். கணக்குப்படி 12 சரி. அப்பா 12தான் வைத்திருந்தாரா?

செப்டம்பர் 3
சொசைட்டியில் இருந்து உரம் எடுக்க டிரைலர் மாட்டவேண்டும். 12இல் ரோட்டில் போனால் டயர் பக்கவாட்டில் நெளியும், சூடேறும், ஏற்கெனவே அங்கே வெடிப்பு ஓடியிருக்கிறது. 18க்கு ஏற்ற மறுபடி பஞ்சர் கடை, வந்து மறுபடி இறக்கவேண்டும். அப்பா இப்படி ஏற்றி இறக்கிப் பார்த்ததே இல்லை. நடுவில் ஏதோ ஓர் அளவில் வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். 15? 16?

உரம் எடுக்கவில்லை.

செப்டம்பர் 5
கேட்டேவிட்டேன். குனிந்து காதருகில், "பின்சக்கரத்துக்கு எவ்வளவுப்பா?" கண்ணைத் திறந்தார். வலது கைதான் அசைகிறது. நான்கு விரலை நீட்டி, மடக்கி, திரும்ப நீட்டினார். பதினாலா? இல்லை, தண்ணீர் கேட்டாரா? அதற்குள் நர்ஸ் வந்து கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து 14 வைத்தேன்.

செப்டம்பர் 6
காலை ஆறு மணி. இடது 14. வலது 11. வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன், குமிழி வரவில்லை. அம்மா போனில் கூப்பிடுகிறாள்.