கணக்குதானே கேட்டேன்

"கணக்குதானே கேட்டேன் டீச்சர், திருடிட்டாங்கன்னா சொன்னேன்?" என்றார் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி.

"கேட்டது தப்பில்லக்கா. எங்க வச்சு கேட்டீங்க?" என்றார் ஆண்டு விழா வேலைகளை இழுத்துப் போட்டுச் செய்த அம்மா. அவர் குழு உறுப்பினர் அல்ல, தன்னார்வலர்.

இருவருக்கும் நடுவில் புகுந்து, தலைமையாசிரியரான நான் சொன்னது: "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கம்மா, பிள்ளைங்களுக்காகத்தானே." கூட்டம் முடிந்து ஓராண்டாகப் போகிறது. அவர்கள் பேசியது இரண்டும் நியாயமாகவே படுகிறது. நான் சொன்னதுதான் உறுத்துகிறது.

எதை விட்டுக்கொடுக்கச் சொன்னேன்? தலைவி விட்டுக்கொடுப்பதென்றால் ஆண்டு விழாக் கணக்கைக் கேட்காமல் இருக்க வேண்டும். தன்னார்வலர் விட்டுக்கொடுப்பதென்றால் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் 68 பேர் பார்த்த சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டையும் கேட்கும் உரிமை எனக்கில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று யோசித்தால், பாதி நாள் எனக்கே பதில் கிடைப்பதில்லை. கூட்டம் கலைந்துவிடும் நிலையில் இருந்தது. கலையாமல் முடிந்தது. அதுவும் ஒரு கணக்கில் வரவுதான் என்று தேற்றிக்கொள்கிறேன்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது குழுவின் பணிகளில் ஒன்று. தமிழ்நாட்டில் 2022-இல் மறுகட்டமைப்பு நடந்தபோது 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆனது. பயிற்சிக்குப் பயிற்சி "கேள்வி கேளுங்கள், இது உங்கள் பள்ளி" என்றுதான் பெற்றோரிடம் சொல்கிறோம். எங்கள் தலைவி பல மாதங்களாக வங்கிச் சீட்டிலும் தீர்மானப் பதிவேட்டிலும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர். அவர் தாமாகக் கேட்ட முதல் கேள்வி இதுதான். அதற்குத்தான் "விட்டுக்கொடுங்கம்மா" என்றேன்.

தன்னார்வலரைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. மூன்று வாரம், மாலை 4:15 முதல் 5:30 வரை, 45 பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தவர் அவர். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது, தீர்மானத்திலும் கிடையாது. அவர் செய்த வேலைக்குப் பள்ளியில் எழுத்தில் இருந்த ஒரே தடயம், வாட்ஸ்அப்பில் தலைவி எழுதிய அந்தக் கேள்விதான்.

பணம் இப்படிப் போனது. பெற்றோரும் கடைத்தெருவில் சிலரும் விருப்பப்பட்டுக் கொடுத்தது ரூ.18,650. பிள்ளைகளிடம் கை நீட்டவில்லை, அதில் எல்லாருமே உறுதியாக இருந்தோம். மேடை, சாமியானாவுக்கு 6,500. ஒலிபெருக்கி 4,000. நடன உடை வாடகை, ஆளுக்கு 120 வீதம் 5,400. சிற்றுண்டி 1,800. இந்த 17,700-க்கும் பில் இருந்தது. மீதி 950-க்கு இல்லை.

அந்த 950 எங்கே போனது என்பது பெரிய மர்மம் இல்லை. நாற்பது பக்க நோட்டின் கடைசித் தாளில் தன்னார்வலர் பென்சிலால் எழுதியிருந்தார். ஆட்டோ இரண்டு நடை 500, மல்லிகைப்பூ 240, ஊக்கும் ஹேர்பின்னும் 110, ஒலிபெருக்கிப் பையன்களுக்கு டீ 100. தாளின் மேல் ஓரத்தில் ரோஸ் பவுடர் பட்டு ஒரு கட்டைவிரல் ரேகை. விழா மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டே எழுதியது என்று பார்த்தாலே தெரியும். அந்தத் தாளைக் கூட்டத்தில் விரித்து வைத்தபோது அவர் கை நடுங்கியது. தலைவி அதைப் படிக்கவே இல்லை. படிக்காமலேயே, "சரிங்க, விடுங்க" என்றார். தன்னார்வலரை அழ வைத்தது அந்த "விடுங்க"தான்.

இத்தகைய தகராறுகள் எங்கே முளைக்கின்றன என்பது பெற்றோர் குழுக்களோடு பழகிய எவருக்கும் தெரியும். பில் தராத சில்லறைச் செலவில்தான். ஆட்டோக்காரரும் பூக்காரம்மாவும் ரசீது தரமாட்டார்கள். அதற்கு வழி இருக்கிறது. தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு, பெற்றவர் கையெழுத்து என்று ஐந்து விவரம் கொண்ட செலவுச் சீட்டு. வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலும் போதும். பெற்றவர் கையெழுத்து கிடைக்காத இடத்தில் உடனிருந்த இன்னொரு பெற்றோர் கையெழுத்திடலாம். அதேபோல வசூலுக்கு எண்ணிட்ட ரசீதுப் புத்தகம், அடிக்கட்டையோடு. பத்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது. இவை எதையும் நான் வாங்கித் தரவில்லை. அவசரத்தில் "நீங்களே உங்க ஜிபேல வாங்கிக்கங்கம்மா" என்று சொன்னதும் நான்தான். சொந்த எண்ணுக்கு வந்த நன்கொடையும், அதே எண்ணிலிருந்து போன மளிகைச் செலவும் ரீசார்ஜும் ஒரே பட்டியலில் கலந்து கிடந்தால், எவ்வளவு நேர்மையானவருக்கும் கணக்கைப் பிரித்துக் காட்ட இரண்டு இரவு வேண்டும். சந்தேகம் வளர அந்த இரண்டு இரவு தாராளம்.

தலைவியின் செய்தி விழா முடிந்த மூன்றாம் நாள் இரவு 9:40-க்கு வந்தது. "ஆண்டு விழா வரவு செலவு எப்ப போடுவீங்க? நாலு பேரு கேக்குறாங்க." அவ்வளவுதான். கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த "நாலு பேரு" யார் என்று 68 பேரும் யோசித்திருப்பார்கள். இரவு முழுக்க யாரும் பதில் போடவில்லை. காலையில் தன்னார்வலரின் குரல்பதிவு வந்தது. அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறினார். அதன் அட்மின் நான். தலைவியின் செய்தியை இரவே நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெற்றோரின் கேள்வியைத் தலைமையாசிரியர் அழித்தார் என்றால் அதைவிடப் பெரிய தவறு இல்லை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நீக்குவதற்கும் சும்மா இருப்பதற்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. "கணக்கு தயாராகிறது, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் படிக்கப்படும்" என்று ஒரே வரி நான் போட்டிருந்தால், கேள்வி தன்னார்வலரை விட்டு நகர்ந்து பள்ளியின் கேள்வியாக ஆகியிருக்கும். அந்த வரி மறுநாள் மதியம்தான் தோன்றியது.

அடுத்த பிசகு, யாரை முதலில் அழைப்பது என்பதில். தன்னார்வலருக்குத்தான் முதலில் போன் செய்தேன். அவர் மனம் உடைந்திருந்தார், அது இயல்பு என்றே பட்டது. மாலைக்குள் அது தலைவி காதுக்குப் போய்விட்டது. இரண்டு தரப்பு இருக்கும்போது முதல் அழைப்பையே தீர்ப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இருவரையும் தனித்தனியாக, ஒரே நாளில், பொறுப்பில் இருப்பவரை முதலில் பார்த்திருக்க வேண்டும். அதுவும் அவர் நேரத்துக்கு. தலைவி நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வெள்ளிக்கிழமை 3 மணிக் கூட்டம் என்றால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும். அதை நாங்கள் யாரும் கணக்கில் எழுதியதே இல்லை.

இங்கேதான் எனக்கு இன்னொரு சந்தேகம் வருகிறது. தன்னார்வலர் பட்டம் படித்தவர். ஆசிரியர்களோடு சேர்ந்து உட்கார்ந்து டீ குடிக்கிறவர். அவர் தலைவியிடம் இதே கேள்வியை இதே வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தால், ஆசிரியர் அறையில் "பரவாயில்லையே, வெளிப்படையாகக் கேட்கிறார்" என்று பேசியிருப்போம். தலைவி கேட்டதும் "இவங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்று ஒரு குரல் எழுந்தது. நான் அதை மறுத்துப் பேசவில்லை. எங்கே வைத்துக் கேட்டார் என்பது மட்டும்தான் எங்களை உறுத்தியதா, யார் கேட்டார் என்பதும் சேர்ந்து உறுத்தியதா? முதலாவது மட்டும்தான் என்று சொல்ல ஆசை. சத்தியம் செய்ய முடியாது.

விழாப் பணம் குழுவின் வங்கிக் கணக்கில் சேரவே இல்லை, ஆகவே அது தலைவியின் பொறுப்பில் வராது என்று ஒரு சக ஆசிரியர் வாதாடினார். அது செல்லாது. அழைப்பிதழில் 'பள்ளி மேலாண்மைக் குழு' என்று அச்சடித்திருந்தோம். நாளைக்கு ஊரில் பேச்சு வந்தால் தலைவி பெயர்தான் அடிபடும்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சில ஏற்பாடுகள் செய்தோம். விழாவுக்கு முன்பே தீர்மானம் போட்டு, தன்னார்வலர் பெயரையும் அவர் கையாளும் தொகையையும் பதிவேட்டில் எழுதுவது. ரசீதுப் புத்தகம். 2,000 ரூபாய் வரை முன்பணம், அதற்குச் செலவுச் சீட்டு. விழா முடிந்து ஏழு நாளில் கணக்கைக் கூட்டத்தில் வாசிப்பது, அதுவரை வாட்ஸ்அப்பில் பணப் பேச்சு இல்லை. எல்லாம் சரியான ஏற்பாடு. இந்த ஆண்டு நடனப் பயிற்சிக்கு வர யாரும் முன்வரவில்லை என்பதும் உண்மை. "கையெழுத்துப் போட்டு மாட்டிக்கவா?" என்று ஒரு அம்மா கேட்டார். ஏற்பாட்டால் வந்த தயக்கமா, சென்ற ஆண்டு பார்த்ததால் வந்த பயமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சென்ற ஆண்டுக் கூட்டத்தின் தீர்மானம் பதிவேட்டில் இப்படி இருக்கிறது: "ஆண்டு விழா வரவு செலவு ரூ.18,650 வாசிக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டது." என் கையெழுத்து. கீழே தலைவி கையெழுத்து. நடனம் சொல்லிக்கொடுத்தவருக்கு நன்றி என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். வலது பக்கத்தில் இடமும் இருந்தது.

போன வாரம் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது தலைவி கேட்டார்: "அவங்களை இந்த வருசம் நான் கூப்பிடட்டா டீச்சர், இல்ல நீங்க கூப்பிடுறீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். இன்னும் சொல்லவில்லை. பயிற்சி தொடங்க 12 நாள் இருக்கிறது.