செழித்த இலையில் மருந்து எவ்வளவு?

மூலிகை வளர்ப்பவர்கள் பலர் செடியின் செழிப்பை வைத்தே மருந்தின் வீரியத்தையும் மதிப்பிட்டுவிடுவது எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருக்கிறது. அகன்ற கரும்பச்சை இலை நல்ல நீரையும் உரத்தையும் காட்டுமே தவிர, அதற்குள் இருக்கும் ஆல்கலாய்டு, டெர்பீன், ஃபீனால் போன்ற மருந்து வேதிப்பொருள்களின் அளவைச் சொல்லாது. பூச்சியையும் பூஞ்சணத்தையும் கடும் வெயிலையும் சமாளிக்கவே செடி இவற்றைப் பெரும்பாலும் ஆக்குகிறது. ஆகையால் சற்றே நெருக்கடியில் வளரும் செடியில் இவை கூடுவதில் வியப்பில்லை.

மண்ணில் ஈரம் குறைந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. கரியமில வாயு போதிய அளவு உள்ளே வராத நிலையில், வெயிலிலிருந்து கிடைத்த ஆற்றல் முழுவதையும் சர்க்கரையாக்க இயலாமல், செடி அதில் ஒரு பகுதியை டெர்பீன், ஃபீனால் ஆக்கத்துக்குத் திருப்புகிறது என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆனால் வாடிய செடியில் இலையே குறைந்துபோவதால், ஒரு கிராமுக்கான அளவு உயர்ந்தும் ஒரு செடிக்கான மொத்த அளவு சரிந்துவிடக்கூடும். வறட்சியைப் புகழ்பவர்கள் இந்தக் கணக்கை ஏனோ சொல்வதில்லை.

தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, மிகுதியாக இட்டால் பொதுவாக ஃபீனால்கள் குறையும். நைட்ரஜன் கலந்த ஆல்கலாய்டுகளோ பெரும்பாலும் கூடும். பகல் நீண்டிருக்கும் காலத்தில் பெப்பர்மின்ட் புதினாவின் எண்ணெயில் மென்தால் வளர்கிறது. பகல் குறுகினால் விரும்பத்தகாத மென்தோஃபியூரான் என்ற பொருள் மிகுகிறது. மலையுச்சியில் வளரும் ஆர்னிகா என்ற மூலிகையில் ஃபீனால்கள் கூடுவதற்குப் புறஊதாக் கதிரே காரணம் என்று எண்ணத் தோன்றும். சோதித்துப் பார்த்தபோது குளிரே முதன்மைக் காரணமாகத் தெரிந்தது.

இடமும் பருவமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, ஆர்ட்டிமிசியா அன்னுவா என்ற செடியிலிருந்து எடுக்கப்படும் மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1970களின் தொடக்கத்தில் சீனாவில் அதைத் தேடிய மருந்தியல் அறிஞர் து யூயூவின் குழுவுக்கு முதலில் முடிவுகள் சீராகக் கிடைக்கவில்லை. காய்ச்சி எடுத்தபோது வெப்பம் மருந்தைக் கெடுத்தது ஒருபுறம் இருக்க, பெய்ஜிங் பகுதியில் விளைந்த செடியிலேயே அந்தப் பொருள் மிகக் குறைவாக இருந்தது. அது தண்டில் இல்லாமல் இலையில்தான் இருக்கிறது என்பதும், பூக்கும் தறுவாயில் பறித்தால்தான் மிகுதியாகக் கிடைக்கும் என்பதும் பின்னர் புலப்பட்டன. அவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனைக்கும் மண்ணும் வானிலையும் செய்யக்கூடியவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. தைம் என்ற நறுமணச் செடியின் எண்ணெயில் தைமால் என்ற பொருள் மிகுந்த வகையும் லினலூல் என்ற பொருள் மிகுந்த வகையும் பிறவியிலேயே வேறானவை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இவற்றில் லினலூல் வகையை எந்த நிலத்தில் நட்டு எப்படி நீர் பாய்ச்சினாலும் அது தைமால் வகையாக மாறாது. ஆகவே பாசனத்தையும் உரத்தையும் பற்றி என்னிடம் கேட்பவர்களிடம், நாற்று எந்தத் தாய்ச்செடியிலிருந்து வந்தது என்பதையே நான் முதலில் விசாரிக்கிறேன்.